சைக்கிள் குறுக்கே வரலீங்க, நாமதான் தள்ளி விடறோம்

"சைக்கிள்காரங்களாலதான் டிராபிக்கே நிக்குது" என்று கார் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சாயந்திரம் பனியன் கம்பெனி விடும் நேரத்தில் திருப்பூர் பி.என். ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஹேண்டில்பாரில் டிபன் பை தொங்க ஓர் அக்கா இடது ஓரமாகவே மிதித்து வருவார். முன்னால் கடைவாசலில் ஒரு கார், பாதி உடம்பு தார் ரோட்டின் மேல். தாரை விட்டு மண்ணில் இறங்கலாம் என்றால் நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு உண்டான பள்ளம் அது. சக்கரம் இறங்கினால் ஆள் விழுவார். வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்த்துவிட்டு நடுவுக்கு வருகிறார். பின்னால் வந்த பஸ் பிரேக் அடிக்கிறது. "ஏம்மா, உழுந்து சாக என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்துகிறார். பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். எல்லோரும் முறைப்பது அந்த அக்காவைத்தான். கடைவாசல் காரை ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

டிரைவர் மேல் மட்டும் பழி போடவும் மனசு வரவில்லை. டைமிங் விட்டால் அவர் கலெக்சன் போய்விடும். சைக்கிளை முந்திப்போய் ஸ்டாப்புக்கு இடது பக்கம் ஒடிக்கிறார், சைக்கிள் பஸ்ஸைச் சுற்றிப் போகிறது, அடுத்த ஸ்டாப்புக்குள் மறுபடி முந்துகிறார். ஒரே ரோட்டில் இரண்டு பேரும் மாறி மாறி மறித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வண்டி ரோட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை, சாலைப் பொறியியலில் காரை 1 என்று வைத்து அளப்பார்கள். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் நகரச் சாலைக் கணக்கில் சைக்கிளுக்கு 0.4 முதல் 0.5 வரை. காருக்கு முன்னால் வந்து மெதுவாகப் போனால்தான் சைக்கிள் இடைஞ்சல். ஓரம் காலியாக இருந்தால் அது எதற்குக் காருக்கு முன்னால் வருகிறது?

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டிவிடும். 15-ல் போகும் சைக்கிள் நாலு மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. நடப்பவர்களும் சைக்கிளும் வண்டிகளும் கலந்து போகிற தெருக்களில் 30-க்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். நம் ஊரில் ஸ்கூல் வாசலிலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் பிள்ளை ஓட்டிப் போக ஓரத்தில் இரண்டு மீட்டர் இடம் எங்கே?

கோவை அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. தூரம் போகிறவர்கள் மேலே போகட்டும். கீழ் ரோட்டில் இடது ஓரத்தை சைக்கிளுக்கு விடுங்கள். கோடு மட்டும் போட்டால் அடுத்த நாளே பார்க்கிங் ஆகிவிடும், தடுப்புக்கட்டை வையுங்கள். தார் போடும்போது ஓரத்தையும் சமமாக்குங்கள். மில்லுக்கும் பவுண்டரிக்கும் மிதித்துப் போகிறவர்கள் இதைக் கேட்டு மனு எழுத மாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும்.

கார் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நிறுத்தியபின் உங்கள் பக்கத்துக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் மிதித்து வருகிறவர் கண்ணில் படுவார்.