குப்பி அங்கேதான் இருக்கிறது என்று திரை சாதிக்கிறது

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தடித்த கையுறையோடு, ஒரு மென்பொருளுக்கு மூன்றாம் முறையாகக் கடவுச்சொல் தட்டியவர்களுக்குத்தான் என் ஆத்திரம் முழுதாகப் புரியும். ஈரக்காற்று உள்ளே நுழைந்து தட்டுகளில் பனியாகப் படிகிறது, வெப்பநிலை ஏறுகிறது, எச்சரிக்கை மணி அலறுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் ரத்த மாதிரிகளை நிர்வகிப்பதற்கென்றே வாங்கிய மென்பொருளோ, பத்து நிமிடமாக யாரும் தன்னைத் தொடவில்லை என்று பூட்டிக்கொண்டு நிற்கிறது. பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் திரும்ப உள்ளே நுழைந்ததும் பாதி எடுத்த பட்டியலை விட்ட இடத்திலிருந்து காட்டக்கூடாதா? காட்டாது; முதலிலிருந்து தேடச் சொல்லும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது வேறு கதை.

ஓர் ஆய்வுக்காக 40 பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்கள் நீங்கலான திரவப் பகுதி) குப்பிகளை எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பெட்டிகள் ஒன்பதுக்கு ஒன்பது என 81 குழிகள் கொண்டவை. பட்டியலில் முதலில் இருந்தது 12ஆம் குழி. எடுத்து, மூடியின் பனியைத் துடைத்துவிட்டுப் பார்கோடை வாசித்தால், அது வேறொருவருடைய பிளாஸ்மா. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது மட்டும் சரியாக இருந்தது, அதுதான் இன்னும் குழப்பியது. உலர்பனியின் மேல் பெட்டியை வைத்துவிட்டு, கை மரத்துப்போகும் வரை ஒவ்வொன்றாக வாசித்த பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது: மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது, குழிகளை எண்ணும் திசையை மாற்றிவிட்டிருக்கிறார்கள். முன்பு மேலிருந்து கீழாக எண்ணியது, இப்போது இடமிருந்து வலமாக எண்ணுகிறது. பழைய கணக்கில் 12ஆம் குழி என்பது மூன்றாம் வரிசையின் இரண்டாவது இடம். புதிய கணக்கில் இரண்டாம் வரிசையின் மூன்றாவது இடம். எனவே 12இல் இருக்க வேண்டிய குப்பி 20இலும், 20இல் இருக்க வேண்டியது 12இலும் இருப்பதாக ஆகிவிட்டது. குப்பிகள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. எண்கள்தாம் இடம் மாறின.

இந்தப் பிழை ஏன் இத்தனை மாதம் யார் கண்ணிலும் படவில்லை என்று யோசித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மூலைவிட்டத்தில் உள்ள 9 குழிகள் எந்தத் திசையில் எண்ணினாலும் மாறுவதில்லை. முதல் குழி முதல் குழிதான், 81ஆவது 81ஆவதுதான், நட்டநடுவில் உள்ள 41கூட அதேதான். பதிப்பு மாற்றத்தைச் சரிபார்க்க வந்த நிறுவனத்தார் முதல் குப்பியையும் கடைசிக் குப்பியையும் எடுத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று கையெழுத்திட்டுப் போனார்கள். பெட்டிக்கு 72 குப்பிகள் தவறான எண்ணோடு உறைந்து கிடந்தன. பார்கோடை நம்பாமல் எண்ணை மட்டும் நம்பி எவரேனும் எடுத்திருந்தால், ஒருவரது ரத்தத்தின் முடிவு இன்னொருவரது பெயரில் ஏறியிருக்கும்.

திருத்துவது எளிது என்றுதானே நினைப்பீர்கள்? மொத்தமாகத் திசையை மாற்றும் வசதி கிடையாது. இரண்டு குப்பிகளின் இடத்தை ஒன்றுக்கொன்று மாற்றவும் முடியாது, ஏனென்றால் போக வேண்டிய குழியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம். ஆகவே முதல் குப்பியை இல்லாத ஒரு தற்காலிகப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும், இரண்டாவதை அதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு முதலாவதைத் திருப்பி அழைக்க வேண்டும். ஓர் இணைக்கு மூன்று நகர்த்தல், பெட்டிக்கு 36 இணைகள், ஆக 108 நகர்த்தல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், ஒரு காரணம். காரணப் பட்டியலில் ‘மென்பொருளின் பிழை’ என்று ஒரு வரி இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ‘பிற’ என்பதைத்தான் 108 முறை அழுத்தினேன்.

எங்களைப்போல ஆய்வுக்காக உயிர் மாதிரிகளைச் சேமித்துவைக்கும் உயிரிவங்கிகளுக்கென 2018இல் வந்த ஐஎஸ்ஓ 20387 தரநிலை, மாதிரியின் தடத்தைத் தொடர முடிய வேண்டும் என்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் எங்கள் பதிவேட்டில் இப்போது இருக்கும் தடம், என்றும் இருந்திராத ஒரு பெட்டிக்குக் குப்பிகள் போய்வந்த கதை. தணிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

இப்படி நொந்துபோனவர்கள் ஒதுங்குமிடம் எக்செல் என்பது ஊரறிந்த ரகசியம். அதுவும் தன் பங்குக்குப் படுத்தும்: 000482 என்ற மாதிரி எண்ணைத் திறந்த மாத்திரத்தில் 482 ஆக்கிவிடும், மார்ச்1 என்ற மரபணுவைத் தேதியாக்கிவிடும். அந்தத் தொல்லை தாங்காமல் மரபணுப் பெயரிடும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது என்பது ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும் எங்கள் கூடத்தில் உண்மையான இருப்புக் கணக்கு ஓர் எக்செல் கோப்பில்தான் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு வாரக்கடைசியில் அதிலிருந்து பார்த்து எழுதுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுத்ததிலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்க இயந்திரத்தில் சுழற்றும் வரை எவ்வளவு நேரம் ஆனது, பிறகு உறையவைக்கும் வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் தெரியாவிட்டால் சில ஆய்வுகளுக்கு அந்தப் பிளாஸ்மா வீண். இவற்றை ஏழு உறுப்புகளில் சுருக்கி எழுதும் ஸ்ப்ரெக் என்ற குறியீடு 2010இலேயே வெளியாகிவிட்டது. எங்கள் மென்பொருளில் அதற்கென ஒரு கட்டம் கிடையாது. ‘குறிப்புகள்’ என்ற பெட்டியில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் தேட முடியாது.

எண்ணும் திசையைப் பற்றி அனுப்பிய புகாருக்கு நேற்று பதில் வந்தது. இது பிழையல்ல, புதிய பதிப்பின் இயல்பான நடத்தை என்றும், புகார் முடித்துவைக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். கீழே, சேவையில் நான் எவ்வளவு திருப்தி அடைந்தேன் என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள். இன்னும் 13 பெட்டிகள் பாக்கி இருக்கின்றன.