வெட்டிக்கு வேலை உண்டு

‘வெட்டி’ என்ற சொல் ‘வெட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது என்று, நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எங்கள் தஞ்சைப் பக்கத்துக் கல்வெட்டுகளைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். சோழர் காலத்தில் மக்கள் செலுத்திய வரிகளின் பட்டியலில் ‘வெட்டி’ அடிக்கடி வருகிறது. கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை என்று பொருள். ‘முட்டையாள்’ என்பதும் அந்த வகைதான். கூலியில்லா உழைப்பையே குறிக்கும் வடமொழி ‘விஷ்டி’யோடு ‘வெட்டி’யை இணைப்பவர்களும் உண்டு. முதுகொடிய உழைத்தவனின் சொல், திண்ணையில் சாய்ந்திருப்பவனுக்குப் பட்டமானது வேடிக்கை! கூலியற்ற வேலை பயனற்ற வேலையாகி, பிறகு வேலையே இல்லை என்றாகியிருக்க வேண்டும். ‘வெட்டிப் பேச்சு’ அந்த நடுக்கட்டத்தில் நிற்கிறது.

பணி ஓய்வு பெற்ற என்னையும் வீட்டில் ‘வெட்டி’ என்கிறார்கள். ரேஷன் கடை, மின் கட்டணம், பேரனைப் பள்ளியில் விடுவது எல்லாம் நான்தான். கல்வெட்டுப் பொருளில் சொல்கிறார்கள் போலும்.