மூணு போத்தலும் ஒரு படிக்கமும்

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. மேசையில் மூன்று போத்தல் சிவப்பு வைன், ஆறு கிளாஸ், வெள்ளைத் தாள், ஐஸ் தண்ணி வாளி, பழைய பித்தளைப் படிக்கம். தவராசா பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வைன் பரிமாறுபவர். சாமித்தம்பி படுவான்கரையில் வயல் செய்பவர். தவராசாவின் தங்கச்சியைக் கட்டியவர்.)

சாமித்தம்பி: சிவப்பு வைன அறைச் சூட்டில குடிக்கணும் எண்டுதானே சொல்றவங்க? இதென்ன மச்சான் வாளிக்குள்ள?

தவராசா: அது பிரான்சுக் கல்வீட்டு அறைகா. இஞ்ச 30 பாகை. அந்தச் சூட்டில ஸ்பிரிட் நாத்தம் மட்டும்தான் மூக்கில ஏறும். 16க்கும் 18க்கும் இடையில வரணும். ஐஸ் தண்ணியில கால்மணித்தியாலம் போதும்.

சாமித்தம்பி: மூணும் ஒரே சாமான்தானே?

தவராசா: ஒரே தோட்டக்காரன். பிரான்சில ரோன் ஆத்தோரம், சென் ஜோசப் எண்ட இடம், கருங்கல்லுச் சரிவு. திராட்சையும் ஒண்டுதான், சிரா. வருசம்தான் வேற. 2003, 2008, 2015.

சாமித்தம்பி: அப்ப எங்கட பெரும்போகம் மாதிரி. விதை ஒண்டு, வயல் ஒண்டு, ஒரு போகம் வெள்ளம், மறு போகம் காய்ச்சல்.

தவராசா: அதேதான்! ஹோட்டலுக்கு வாறவங்களுக்கு இத விளங்கப்படுத்த எனக்கு அரைமணித்தியாலம் போகும்.

சாமித்தம்பி: மூத்தவர முதல் எடு. மரியாதை வேணும்.

தவராசா: வயசப் பாக்காத, உடம்பப் பாரு. இலேசானது முதல் வரணும். 2008 மழை வருசம், குளிர்மை. மெலிஞ்ச ஆள், முறைப்படி அவர்தான் முதல். பாரமானதுல தொடங்கினா நாக்கு மரத்து, மற்றது தண்ணி மாதிரி இரிக்கும். சரி, உன்ர மரியாதைக்காக இண்டைக்கு மூத்தவர் முதல், 2008 கடைசி.

(2003 போத்தலின் தக்கையைத் திருக, பாதி தூளாகி உள்ளே விழுகிறது.)

சாமித்தம்பி: பழுதா?

தவராசா: தக்கை கிழடாப் போயிற்று, வைன் நல்லம். கிழட்டுத் தக்கைக்குத் திருகாணி கூடாது. ரெண்டு தகடு உள்ள கழட்டி வேணும், என்னட்ட இல்ல. தேத்தண்ணி வடி இரிக்கி. முந்தநாளே நிமித்தி வெச்சனான், வண்டல் அடியில இறங்கட்டும் எண்டு. நீ போத்தல் கழுத்துக்குப் பின்னால போன் லைட்டப் பிடி. கறுப்பு நூல் மாதிரி ஒண்டு கழுத்துக்கு வந்த உடன சொல்லு, நிப்பாட்டிருவன்.

சாமித்தம்பி: வந்திற்று! வந்திற்று! ...அது என்ர விரல் நிழல்.

(மூன்றும் ஊற்றப்படுகின்றன, கிளாசுக்கு 50 மில்லிலீற்றர்.)

சாமித்தம்பி: இவ்வளவுதானா? கோயில்ல தீர்த்தமே இதவிடக் கூடத் தருவாங்க.

தவராசா: கிளாசச் சுத்திறதுக்கு இடம் வேணும்கா. தாளுக்கு மேல சரிச்சுப் பிடி. 2015 நாவற்பழச் சாறு, ஓரத்திலயும் ஊதா. 2003க்கு ஓரம் செங்கல் நிறம். சிவப்பு வைனுக்கு வயசு ஏறினா நிறம் வெளுக்கும், வெள்ளை வைனுக்குக் கறுக்கும்.

சாமித்தம்பி: 2015ல டயர் எரிஞ்ச மணம் வருதே!

தவராசா: சபாசு. சிராக்கு அந்தப் புத்தி இரிக்கி. காத்துப் படாம அடைஞ்சு கிடந்தா ரப்பர், முட்டை எண்டு நாறும். சாடிக்குள்ள ஊத்தி நல்லாக் கலக்கினாப் போயிரும். நனைஞ்ச அட்டைப்பெட்டி மணம் வந்தாத்தான் ஆபத்து. அது தக்கையில பிடிச்ச நோய், எவ்வளவு கலக்கினாலும் போகாது. இப்ப 2003ஐக் குடி. வாயில வெச்சு உருட்டு, மறுகா படிக்கத்தில துப்பு.

சாமித்தம்பி: (விழுங்கிவிட்டு) துப்பிற்றன்.

தவராசா: தொண்டை அசைஞ்சத நான் பாத்தன்.

சாமித்தம்பி: பேரீச்சம்பழம், காய்ச்சின பாணி. புளிப்பு கம்மி. மச்சான், அந்த வருசம் பயிர் வெயில்ல வெந்திருக்கு.

தவராசா: ஐரோப்பாவில அந்தக் கோடைக்குச் சனமே செத்தது. வழமையா செப்டெம்பர்ல வெட்டுற பழத்த ஓகஸ்ட்டிலயே வெட்டினாங்க. இனி 2015.

சாமித்தம்பி: வாய இழுத்துப் பிடிக்கிது. மரமுந்திரிகைப் பழம் கடிச்ச மாதிரி!

தவராசா: அதுதான் டனின், தோலிலயும் விதையிலயும் இருந்து வாறது. 2015 நல்ல வெயில் வருசம், ஆனா பழம் வதங்கல்ல. இன்னும் பத்து வருசம் படுக்க வைக்கலாம், 14 பாகையில. உன்ர வீட்டு அறையில வெச்சா ரெண்டு வருசத்தில கொதிச்ச சாறுதான். என்ன எடுக்கிறாய்?

சாமித்தம்பி: நண்டுக் கறி, தொட்டுக்க.

தவராசா: வை கீழ! உறைப்புப் பட்டா டனினும் அல்ககோலும் சேந்து வாய எரிக்கும். வெறும் பாண் தின்னு. இப்ப என்ர கண்மணி 2008. மோந்து பாரு, மிளகு எப்பிடி அடிக்கிது!

சாமித்தம்பி: ...மிளகா? ஒண்டும் இல்லையே.

தவராசா: நல்லாச் சுத்து.

சாமித்தம்பி: சுத்திற்றன். செர்ரிப் பழம், கொஞ்சம் புகை. மிளகு இல்ல.

தவராசா: (அடுப்படியிலிருந்து இடித்த மிளகைக் கொண்டுவந்து) இத மோந்து பாரு.

சாமித்தம்பி: மூக்கு அரிக்கிது. வாசம் பெரிசா இல்ல.

தவராசா: அட கடவுளே. மிளகுக்குள்ளயும் சிராக்குள்ளயும் இரிக்கிற வாசம் ஒரே பொருள்தான், ரொட்டண்டோன். அவுஸ்திரேலியாக்காரர் 2008லதான் எழுதி வெளியிட்டாங்க. குளிர் வருசத்துப் பழத்தோல்ல கூடச் சேரும், வெயில் வருசத்தில குறையும். அஞ்சு பேர்ல ஒராளுக்கு அது மணக்கவே மணக்காது. நீ அந்த ஒராள்.

சாமித்தம்பி: காரம் தெரியுதே?

தவராசா: காரம் நாக்குக்கு, அது வேற பொருள். வாசம் மூக்குக்கு. பொறு, பொறு. ரசத்துக்கு மிளகு போடல்ல எண்டு 20 வருசமா என்ர தங்கச்சிய ஏசினது ஆரு?

(நீண்ட மௌனம். சாமித்தம்பி 2008ஐ ஒரே மடக்கில் விழுங்குகிறார்.)

சாமித்தம்பி: மச்சான், இத நீ அவளிட்டச் சொல்லல்ல. நான் இஞ்ச வரவுமில்ல.

தவராசா: மிச்சம் 2015ஐ எனக்கு விட்டிற்றுப் போறியா?

சாமித்தம்பி: படிக்கத்தையும் நானே கழுவி வெக்கிறன்.