கால்பந்தில் பாதியை மட்டும் படிக்கும் மேலாளர்கள்

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு, சீசன் தொடங்கும்போதெல்லாம் மேலாளர் கூட்டம் போட்டுக் கால்பந்துக் காணொளியைக் காட்டி, "நாம் எல்லாரும் ஒரே அணி" என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முந்தைய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் தரமிறக்கத்திலிருந்து தட்டுத்தடுமாறித் தப்பி, 2015-16இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கையே வென்ற லெஸ்டர் சிட்டி அணியின் கதையை அவர் தவறாமல் சொல்வார். கதை உண்மைதான்; ஆனால் கோல் அடித்த ஜேமி வார்டியைப் புகழ்கிறவர், நடுக்களத்தில் ஓயாமல் ஓடி எதிரணியின் கால்களிலிருந்து பந்தைப் பறித்துக் கொடுத்த காண்டேயைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

எங்கள் இடத்திலும் அதுவே நடக்கிறது. ஏற்றுமதி ஆர்டர் பிடித்தவருக்குக் கைதட்டலும் ஊக்கத்தொகையும் கிடைக்கின்றன. பெல்ட் அருகே நாள் முழுவதும் கால்கடுக்க நின்று, பால் பிசுபிசுக்கும் கையுறையோடு அழுகிய பெங்களூரா பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிற பெண்களின் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு அழுகல் தப்பினால் கூழின் தரமே கெடும்.

இப்போது கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு 5 மாற்று வீரர்களை இறக்கலாம். களைத்தவரைச் சரியான நேரத்தில் வெளியே எடுப்பது பயிற்சியாளரின் திறமையாகவே மதிக்கப்படுகிறது. இங்கோ, மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டும் ஜூன் மாதத்தில் ஒரு ஷிஃப்ட் முடித்தவரையே அடுத்ததற்கும் நிறுத்திவைத்துவிட்டு, முடியாது என்றால் அணி உணர்வு இல்லை என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பாக, மாற்றாட்களின் பெயர்ப்பட்டியலை ஷிஃப்ட் வாரியாகச் சுவரில் ஒட்டட்டும்.