மெட்ஃபார்மின் கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கான மாத்திரை. சர்க்கரை இல்லாதவர்களும் மெட்ஃபார்மின் 500 மி.கி. போட்டால் கல்லீரல் கொழுப்பு கரையும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல.

இந்த மாத்திரையால் சிலருக்கு ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு கொஞ்சம் இறங்கும். குழப்பம் தொடங்குவது அங்கேதான். ரத்தத்தில் நொதி குறைவது வேறு, கொழுப்பால் கல்லீரலில் விழுந்த தழும்பு ஆறுவது வேறு. திசுவை எடுத்துச் சோதித்த ஆய்வுகளில் அழற்சியிலும் தழும்பிலும் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை.

நீங்களே சரிபார்க்கலாம். அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மெட்ஃபார்மின் என்ற சொல்லைத் தேடுங்கள். கொழுப்புக் கல்லீரல் நோய்க்குச் சிகிச்சையாக அதைத் தர வேண்டாம் என்றே இருக்கும். மருந்துடன் வரும் தாளிலும் பயன்பாடு என்ற இடத்தில் 2ஆம் வகை நீரிழிவுதான் இருக்கும், கொழுப்புக் கல்லீரல் இருக்காது.

செமாக்ளூடைடு என்ற வேறொரு மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் கல்லீரலுக்கான அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது வாரம் ஒருமுறை போடும் ஊசி. கொழுப்பால் கல்லீரல் அழற்சியடைந்து, மிதமானது முதல் முற்றியது வரை தழும்பு உள்ளவர்களுக்கு மட்டும், தழும்பு கல்லீரல் முழுவதும் பரவிய சிரோசிஸ் நிலைக்கு வந்தவர்களுக்கு அல்ல. அந்தச் செய்தியை மெட்ஃபார்மினுக்குப் பொருத்த முடியாது.

சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம்.