கொடிக்குக் கொம்பு தேடும் பெரியவர்களுக்கு

அந்தக் கல்யாண வாழ்த்துரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நேற்று முழுக்க எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான். பெண் என்பவள் கொடியாம், கொழுகொம்பு இல்லாவிட்டால் தரையில் கிடந்து வாடிவிடுவாளாம். சரி, இது பழைய பாட்டு, கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. ஆனால் அதற்குப் பாரியைச் சாட்சிக்கு இழுத்தாரே வாழ்த்தியவர், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த மண்ணாம் இது, கொடியைத் தாங்குவதுதான் ஆண்மையாம். மண்டபமே கைதட்டுகிறது.

ஐயா, அந்தப் பாட்டைப் படித்தீர்களா? 'நாத்தழும்பு இருப்பப் பாடாது ஆயினும்' தேரைக் கொடுத்தான் என்கிறார் பாரியின் நண்பரான புலவர் கபிலர், புறநானூறு 200. முல்லை அவனைப் பாடப்போவதில்லை, தெரிந்தேதான் கொடுத்தான். கைம்மாறு பார்க்காத கொடையைச் சொல்லும் இடம் அது. கொடி பாவம், கையாலாகாதது என்று அதில் எந்த வரியில் இருக்கிறது?

இதே கபிலர் 109ஆம் பாட்டில் மூவேந்தரிடம் என்ன சொல்கிறார் பாருங்கள். நீங்கள் முற்றுகை போட்டாலும் பாரியின் பறம்பு மலை பணியாது, உழவர் உழாமலே அங்கே நான்கு விளைகிறது என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன், அப்புறம் கொழுங்கொடி வள்ளிக்கிழங்கு. மூன்று ராஜாக்களின் படை சுற்றி நிற்கும்போது பாரிக்கும் அவன் ஆட்களுக்கும் சோறு போட்டதில் ஒரு கொடிக்கும் பங்கு இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், யாருக்கு யார் கொம்பு?

"ஒரு உவமைக்கு இவ்வளவு கோபமா, புலவர்கள் எல்லாரும் பெண்ணைக் கொடி என்றுதானே பாடினார்கள்" என்பீர்கள். பாடினார்கள்தான். இடுப்பைப் பாடினார்கள். விடுங்கள்.

எங்கள் அப்பத்தா சோழவந்தான் பக்கம் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருந்தார். தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டார். இழவு வீட்டிலேயே ஒரு பெரியவர், சொந்தக்காரர்தான், "கொம்பு சாஞ்சுபோச்சு, இனி கொடி என்ன பண்ணும்" என்றாராம். அப்பத்தா அதைக் கடைசிவரை மறக்கவில்லை, எனக்கும் மறக்க மனமில்லை. கொடிக்காலில் அகத்தியை நடுவதே வெற்றிலை ஏறத்தான். அகத்தி ஒன்று பட்டுப்போனால் வேறொன்றில் கட்டிவிடுவார்கள், கொடியை இறக்கிக் கட்டினால் மறுபடி துளிர்த்து ஏறும். வெற்றிலையைக் கவுளி கவுளியாகக் கட்டி விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றியது அந்தக் கொடிதான். அகத்திக்கீரை ஆட்டுக்குப் போனது.

"ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்வது தப்பா?" நியாயமான கேள்வி, தப்பே இல்லை. ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து, இவள் இல்லாவிட்டால் நீ வாடிவிடுவாய் என்று அந்த மேடையில் ஒருவரும் சொல்லவில்லையே.

இன்னொன்று. அந்த 200ஆம் பாட்டு எதற்குப் பாடியது தெரியுமா? பாரி செத்தபின் அவன் மகள்களைக் கட்டிக்கொள் என்று விச்சிக்கோன் என்ற குறுநில மன்னனிடம் கபிலர் கேட்ட பாட்டு. அவன் கட்டவில்லை. இருங்கோவேள் என்ற இன்னொரு மன்னனிடம் போனார், அவனும் மாட்டேன் என்றான். முல்லைக்குத் தேர் கிடைத்தது, கொடுத்தவன் பெற்ற பெண்களுக்கு உங்கள் கொழுகொம்புகள் இந்த மரியாதைதான் செய்தன. அந்தப் பெண்கள் பாடிய 'அற்றைத் திங்கள்', புறநானூறு 112, ஐந்தே வரி. அப்பனும் குன்றும் போன துக்கம்தான் அதில் இருக்கிறது, மாப்பிள்ளை கிடைக்காத கவலை ஒரு சொல்லில்கூட இல்லை.

மரபு தெரியாதவள் என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள் 109ஐயும் 112ஐயும் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.