"டேங்குக்கு ரெண்டு மூடி" என்பது ஒரு கணக்கா?

மிளகாயில் சாம்பல் நோய் வந்து இலை சுருண்டு உதிர்கிறது. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தக மருந்து) எவ்வளவு போடணும் என்று மருந்துக்கடையில் கேட்டால், "டேங்குக்கு ரெண்டு மூடி போடுங்க" என்கிறார்கள். எந்த டேங்க்? எந்த மூடி? ரெண்டு மூடி 40 கிராம் என்றே வைத்தாலும், அதை 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயரில் போட்டால் லிட்டருக்கு 2.5 கிராம். அதையே பழைய 10 லிட்டர் கைத்தெளிப்பானில் போட்டால் 4 கிராம்! மூடியாவது நிலையாக இருக்கிறதா? ஒரே மூடியில் தூள் ஒரு எடை நிற்கும், குருணை வேறு எடை நிற்கும். பொடி மருந்தை மூடியில் அளக்கச் சொல்வதே தப்பு. எடை போடுங்கய்யா!

"0.2 சதம் அடிங்க" என்று எழுதிக் கொடுப்பவர்கள் இன்னும் மோசம். 0.2 சதம் கந்தகமா, பாக்கெட்டில் இருக்கிற மருந்தா? அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும், சொல்வதில்லை. கந்தகம் என்றால் லிட்டருக்கு 2 கிராம் கந்தகம் வேண்டும். பாக்கெட்டில் 80 சதம்தான் கந்தகம். 2-ஐ 0.8-ஆல் வகுக்கணும், 2.5 கிராம் மருந்து. இதை 0.8-ஆல் பெருக்கி 1.6 கிராம் போட்டுவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று மறுபடி மறுபடி அடிக்கிறார்கள். வேண்டிய சதம் × தண்ணீர் மில்லியில் ÷ பாக்கெட்டின் சதம். 0.2 × 16,000 ÷ 80 = 40 கிராம். இவ்வளவுதான்.

வயிறு எரிவது ஏக்கர் கணக்கில்தான். ஏக்கருக்கு 1 கிலோ, 400 லிட்டர் தண்ணீரில் என்று லேபிளில் இருந்தால், 1 கிலோவை மட்டும் காதில் போட்டு அனுப்புகிறார்கள். கேட்டவர் 16 லிட்டர் டேங்க் ஆறில் ஏக்கரை முடிக்கிறார். 96 லிட்டரில் 1 கிலோ, லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல். நாலு மடங்கு! அதையும் 35 டிகிரி உச்சி வெயிலில் அடித்தால் இலை ஓரம் கருகாமல் என்ன செய்யும்? 32 டிகிரி தாண்டினாலே சரியான அளவுகூடக் கருக்கலாம். வேப்பெண்ணெய் அடித்து ரெண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடவே கூடாது. இதைக் கடையில் யாராவது வாய் திறந்து சொல்கிறார்களா?

இன்னொன்று, கந்தகம் தண்ணீரில் கரையாது, தூளாகக் கலந்துதான் நிற்கும், கலக்காமல் விட்டால் அடியில் படியும். 200 லிட்டர் டிரம்முக்கு 500 கிராம் என்று சரியாகப் போட்டும், கொட்டிவிட்டு ஒரு தடவை கிண்டினால் முதல் டேங்க் வெறும் மஞ்சள் தண்ணீர், கடைசி டேங்க் அடிவண்டல். நாசில் அடைக்கும், கடைசி நாலு வரிசை கருகும். முதலில் ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கூழாகக் குழைத்து, பாதி நிரம்பிய டிரம்மில் ஊற்றி, மீதித் தண்ணீரை விடணும். ஒவ்வொரு டேங்க் மொள்ளும் முன்னும் அடிவரை கோல் விட்டுக் கலக்கணும்.